புராஸ்டேட் புற்றுநோய் உறுதியான பிறகு: காலத்தோடும் பொருத்தமாகவும் சிகிச்சை பெறுவது எப்படி

எங்கள் பெரியப்பாவுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் உறுதியானபோது அவருக்கு வயது 71. பயாப்சி, அதாவது ஊசியால் திசுவை எடுத்துச் செய்யும் சோதனையின் அறிக்கை கைக்கு வந்த நாளுக்கும் முதல் ஹார்மோன் ஊசி போடப்பட்ட நாளுக்கும் இடையில் 74 நாட்கள் கடந்திருந்தன. பின்னொரு நாள் அவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். மருத்துவக் காரணத்துக்காகக் காத்திருந்த நாட்கள் மூன்று வாரம்கூடத் தேறவில்லை. மீதி நாட்களெல்லாம் பயாப்சி ஸ்லைடைத் திரும்பப் பெறவும், காப்பீட்டுக்காகப் பெயரைத் திருத்தவும், ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்கு எழுதப்பட்ட சீட்டு எங்கே போயிற்று என்று தேடவும் செலவாகியிருந்தன. அவர் நோய் காத்திருக்கக்கூடிய வகையுமல்ல. அதே காத்திருப்புக் கூடத்தில் எங்களுக்கு அறிமுகமான 76 வயதுப் பெரியவர் ஒருவருக்கோ மிக மெதுவாக வளரும் வகை. இதய நோயும் இருந்தது. 'கேன்சர்' என்ற சொல்லைக் கேட்ட பிள்ளைகள் பத்தே நாளில் அவரை அறுவை சிகிச்சைக்குச் சேர்த்துவிட்டார்கள். இந்த நோயில் எவருக்கு அவசரம், எவருக்கு நிதானம் என்பதை அறிந்துகொள்வதே முதல் வேலை என்று எனக்குப் புரிந்தது இந்த இரண்டு அனுபவங்களையும் அருகருகே பார்த்த பிறகுதான்.

அறிக்கையைப் படித்தல்

பயாப்சி அறிக்கையில் 'அடினோகார்சினோமா' என்ற சொல்லைக் கண்டதும் பெரும்பாலோருக்குக் கண் அங்கேயே நின்றுவிடும். புற்றுநோய் இருக்கிறது என்பதற்கு மேல் அச்சொல் எதையும் சொல்வதில்லை. அது எத்தகையது என்பதைச் சொல்வது அடுத்து வரும் கிளீசன் மதிப்பெண். நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து, மிகுதியாகக் காணப்படும் திசு அமைப்புக்கு ஓர் எண்ணும், மீதியில் மோசமானதாகத் தெரியும் அமைப்புக்கு ஓர் எண்ணும் கொடுத்து, இரண்டையும் கூட்டி எழுதுவார். 3+3=6 என்றால் மிக மெதுவாக வளரும் வகை; கூட்டல் 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகமாகப் பரவக்கூடிய வகை. 3+4, 4+3 ஆகிய இரண்டுக்கும் கூட்டுத்தொகை 7 என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. பின்னதில் மோசமான அமைப்பே மிகுதி. இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காக இப்போது 1 முதல் 5 வரையிலான தரப் பிரிவையும் சேர்த்து எழுதுகிறார்கள்: 6 என்பது பிரிவு 1, 3+4 என்பது பிரிவு 2, 4+3 என்பது பிரிவு 3, 8 என்பது பிரிவு 4, 9-ம் 10-ம் பிரிவு 5. எத்தனை ஊசித் துண்டுகள் எடுக்கப்பட்டன, அவற்றுள் எத்தனையில் புற்று இருந்தது, ஒவ்வொரு துண்டிலும் எத்தனை விழுக்காடு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லா மருத்துவரும் இதைக் கேட்பார்கள்.

அடுத்தது பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையின் எண். புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு அது. இதில் நம் ஊரில் அடிக்கடி நேரும் ஒரு தவறு உண்டு. சிறுநீர் சரியாகப் பிரியவில்லை என்று போகும் முதியவர்களுக்கு டாம்சுலோசினுடன் டூட்டாஸ்டரைடு சேர்ந்த மாத்திரையைப் பல ஆண்டுகளாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். டூட்டாஸ்டரைடோ ஃபினாஸ்டரைடோ ஆறு மாதத்துக்கு மேல் உட்கொண்டவருக்குப் பி.எஸ்.ஏ. ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து காட்டும்; அறிக்கையில் 7 என்று வந்தால் அதை 14 என்று எடுத்துக்கொண்டுதான் மருத்துவர் கணக்கிட வேண்டும். மாத்திரைப் பட்டையைக் கையோடு எடுத்துச் செல்லாவிட்டால் அவருக்கு இது தெரிய வழியில்லை. இதற்கு நேர்மாறாக, சிறுநீர்த் தொற்று இருந்தபோதோ, சிறுநீர் அடைத்து டியூப் போட்ட சில நாட்களுக்குள்ளோ எடுத்த பி.எஸ்.ஏ. நோயின் அளவைவிட மிகையாகக் காட்டக்கூடும்.

மூன்றாவது, விரலால் சோதித்தும் ஸ்கேன் பார்த்தும் நோய் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே வந்துவிட்டதா என்று முடிவு செய்வது. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் அபாய நிலையைப் பிரிக்கிறார்கள். கிளீசன் 6, பி.எஸ்.ஏ. 10-க்குள், சுரப்பியின் ஒரு பக்கத்தில் சிறு அளவில் மட்டும் நோய் என்றால் குறைந்த அபாயம். கிளீசன் 7 அல்லது பி.எஸ்.ஏ. 10-க்கும் 20-க்கும் இடையில் என்றால் நடுத்தர அபாயம். கிளீசன் 8 முதல் 10 வரை, அல்லது பி.எஸ்.ஏ. 20-க்கு மேல், அல்லது நோய் சுரப்பியின் உறையைத் தாண்டிவிட்டது என்றால் அதிக அபாயம். மருத்துவரின் முன் உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எனக்கு எந்த அபாய நிலை?' என்பதுதான். 'குணமாகிவிடுமா?' என்ற கேள்விக்கே அதற்குப் பிறகுதான் பொருளுள்ள பதில் கிடைக்கும்.

எவ்வளவு காலம் இருக்கிறது

குறைந்த அபாயத்தில் இருப்பவருக்கு யோசிக்க மாதக் கணக்கில் காலம் உண்டு. நடுத்தர அபாயத்தில் ஸ்கேன்களை முடித்து, இரண்டு மருத்துவர்களைப் பார்த்து, இரண்டு மூன்று மாதங்களுக்குள் சிகிச்சையைத் தொடங்கினால் பொதுவாகப் பாதகமில்லை. அதிக அபாயம் என்றால் வாரக் கணக்கில் செயல்பட வேண்டும். எலும்புக்குப் பரவியிருந்தால் ஹார்மோன் சிகிச்சையை நாள் கணக்கில் தொடங்கிவிடலாம். மற்றவற்றை அதன் பின்னே ஏற்பாடு செய்துகொள்ளலாம். பெரியப்பாவின் விஷயத்தில் நாங்கள் கோட்டை விட்டது இந்த இடத்தில்தான். எல்லா அறிக்கையும் வந்த பிறகு மொத்தமாக முடிவு செய்யலாம் என்று காத்திருந்தோம்.

சில காத்திருப்புகள் சிகிச்சையின் பகுதியே என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பயாப்சி எடுத்த இடத்தில் இரத்தக் கசிவும் வீக்கமும் இருக்கும், அவை எம்.ஆர்.ஐ. படத்தில் புற்றுப் போலவே தோன்றி ஏமாற்றும். அதனால்தான் எம்.ஆர்.ஐ.யைப் பயாப்சிக்கு முன்பே எடுப்பது நல்லது என்கிறார்கள். முன்பு எடுக்காதவர்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுப்பது வழக்கம். அறுவைக்கும் வீக்கம் வடிய ஏறக்குறைய அதே கால இடைவெளியை விடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் 'இன்னுமா ஆபரேஷன் பண்ணலை?' என்று கேட்டால், மருத்துவர் சொன்ன தேதியைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. இந்நோய் உள்ளவருக்கு முதுகுவலி திடீரெனக் கூடி, கால்கள் வலுவிழந்து துவண்டாலோ, மரத்துப் போனாலோ, சிறுநீர் மலத்தை அடக்கும் உணர்வு போனாலோ, முதுகெலும்பில் பரவிய புற்று தண்டுவடத்தை அழுத்துகிறது என்று கொள்ள வேண்டும். அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போய், 'புராஸ்டேட் கேன்சர் நோயாளி, கால் வலுவிழக்கிறது' என்று இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதுகெலும்பு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. எடுத்து, ஸ்டீராய்டு கொடுத்து, கதிர்வீச்சோ அறுவையோ ஒரு நாளுக்குள் தொடங்கினால் நடக்கும் திறனைக் காப்பாற்ற வாய்ப்பு மிகுதி. கால்கள் முழுவதும் செயலிழந்த பிறகு அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொள்வதும், பயாப்சி எடுத்த சில நாட்களுக்குள் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வருவதும் அதே நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டியவை.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஒரே ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் தாளில் பி.எஸ்.ஏ. முடிவுகளைத் தேதி, பரிசோதனைக்கூடம், எண், அப்போது உட்கொண்ட மருந்து என்று நான்கு பத்திகளில் எழுதுங்கள். இயன்ற வரை ஒரே பரிசோதனைக்கூடத்தில் எடுங்கள். கூடத்துக்குக் கூடம் எண் சற்று மாறும். அதற்குப் பின்னால் பயாப்சி அறிக்கை, ஸ்கேன் அறிக்கைகள், அவற்றின் சி.டி.க்கள், சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய்க்கான மருந்துச் சீட்டுகள். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை உண்டென்றால் அதை மேலே சிவப்பு மையில் எழுதிவிடுங்கள்.

வேறு மருத்துவமனைக்குப் போனால் அங்கே முதலில் கேட்பது பயாப்சியின் ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டியையும்தான். ஸ்லைடு என்பது திசுவின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடு; மீதித் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியைப் பிளாக் என்பார்கள். கிளீசன் எண் பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்து மாறக்கூடியது. இன்னொரு நோயியல் மருத்துவர் பார்க்கும்போது 3+3 என்பது 3+4 ஆவதும், சில வேளைகளில் குறைவதும் உண்டு. சிகிச்சையே அந்த எண்ணைப் பொறுத்து மாறும் என்பதால் மறுபார்வை வீண் செலவல்ல. ஆனால் ஸ்லைடைக் கேட்டு நாங்கள் போனபோது, பயாப்சி எடுத்த இடத்தில் 'ரிப்போர்ட் கொடுத்தாச்சே, அப்புறம் என்ன?' என்றார்கள், கையெழுத்திட வேண்டியவர் விடுப்பில் இருந்தார், பரிசோதனை செய்த கூடமோ வேறு ஊரில் இருந்தது. இப்படியே 19 நாட்கள் போயின. அதனால் அறிக்கையை வாங்கும் அன்றே, ஸ்லைடும் பிளாக்கும் தேவை என்று எழுத்து வடிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிவிடுங்கள். நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் கூறுகின்றன. சண்டை போடாமல், அந்த விதியைக் கடிதத்தில் ஒரு வரியாகக் குறிப்பிட்டாலே போதும். பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.

எந்த ஸ்கேன், எதற்கு

குறைந்த அபாயத்தில் உள்ளவருக்கு உடல் முழுவதற்குமான ஸ்கேன்கள் பொதுவாகத் தேவைப்படுவதில்லை, புராஸ்டேட்டுக்கான எம்.ஆர்.ஐ. போதும். நடுத்தர அபாயத்தின் மேற்பகுதியிலும் அதிக அபாயத்திலும் இருப்பவர்களுக்கு எலும்பு ஸ்கேனும் சி.டி. ஸ்கேனும், அல்லது அவை இரண்டுக்கும் பதிலாக, புராஸ்டேட் புற்றணுக்கள் உடலில் எங்கே இருக்கின்றன என்று காட்டும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனும் எடுப்பார்கள். ஆஸ்திரேலியாவில் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், அதிக அபாயம் உள்ளவர்களிடம் பரவலைக் கண்டறிவதில் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனின் துல்லியம் 92 விழுக்காடாகவும், பழைய இரண்டு ஸ்கேன்களும் சேர்ந்து 65 விழுக்காடாகவும் இருந்தன. இந்த ஸ்கேன் பெருநகரங்களில் கிடைக்கிறது, செலவு கூடுதல். பணம் ஒரு தடை என்றால் மருத்துவரிடம், 'இதன் முடிவு என் சிகிச்சையை மாற்றுமா?' என்று கேளுங்கள். மாற்றும் என்றால் கடன்பட்டாவது எடுக்கலாம். மாற்றாது என்றால் அந்தப் பணத்தை மருந்துக்கு வையுங்கள்.

ஹார்மோன் ஊசி போட்ட பிறகு பி.எஸ்.ஏ. வேகமாக இறங்கும்; ஸ்கேன் படங்களின் தோற்றமும் மாறும். ஆகவே அவசர நிலை இல்லாதவர்கள் ஊசிக்கு முன்பே நிலையறியும் ஸ்கேன்களை எடுத்துவிடுவது நல்லது. அந்த ஸ்கேனுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தேதி கிடைக்கிறது, நோயோ கடுமையானது என்றால், ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு மருத்துவர்களைப் பார்த்தல்

நோயைக் கண்டுபிடித்தவர் சிறுநீரக அறுவை மருத்துவராகவே இருப்பார். அவரே தொடர்ந்து சிகிச்சையும் அளிப்பது நம் ஊர் வழக்கம். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தம் கைக்குப் பழகிய வழியே அவர் கண்ணில் முதலில் படும். கதிர்வீச்சு மருத்துவருக்கும் அப்படித்தான். சுரப்பிக்குள் அடங்கிய நோய்க்கு இரண்டுமே முழுமையான சிகிச்சைகள் என்பதால், முடிவெடுக்கும் முன் இருவரையும் ஒரு முறையாவது பார்த்துவிடுவது கட்டாயம் என்பேன். பெரிய புற்றுநோய் மையங்களில் அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்று துறையினரும் கூடி ஒரு நோயாளியைப் பற்றி முடிவெடுக்கும் டியூமர் போர்டு என்ற கூட்டம் வாரந்தோறும் நடக்கும். 'என் கேஸை அதில் வைக்க முடியுமா?' என்று கேட்பதில் தவறேதும் இல்லை. நேரில் அலைய முடியாதவர்கள், மும்பை டாடா நினைவு மருத்துவமனையை மையமாகக் கொண்ட தேசியப் புற்றுநோய் இணையத்தின் மருத்துவர்களிடம் 'நவ்யா' என்ற சேவை வழியாக அறிக்கைகளை அனுப்பி இரண்டாம் கருத்துப் பெறலாம்.

இருவரிடமும் கேட்க வேண்டியவை ஏறத்தாழ ஒன்றே: என் வயதுக்கும் மற்ற நோய்களுக்கும் இந்தச் சிகிச்சை ஏற்றதா, செய்யாமல் விட்டால் அடுத்த பத்தாண்டில் என்ன ஆகும், ஆண்டுக்கு இதுபோல் எத்தனை பேருக்கு நீங்கள் செய்கிறீர்கள், ஓராண்டு கழித்து அவர்களுள் எத்தனை பேர் சிறுநீர்க் கசிவுக்குப் பேடு வைத்துக்கொள்ளாமல் இருக்கிறார்கள், தாம்பத்திய உறவு என்ன ஆகும். கடைசிக் கேள்வியைக் கேட்கப் பெரும்பாலான ஆண்கள் கூச்சப்படுகிறார்கள். மகனோ மகளோ கூட இருந்தால் வாயே திறப்பதில்லை. துணைக்குப் போகிறவர்கள் பத்து நிமிடம் வெளியே வந்து நின்றுகொள்வது பெரிய உதவி.

கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு

குறைந்த அபாயத்தில் இருப்பவருக்கு இன்று முதலில் சொல்லப்படும் வழி, சிகிச்சை செய்யாமல் முறைப்படி கண்காணிப்பது. இதைக் கைவிடுவதாக நினைத்து வீட்டார் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பி.எஸ்.ஏ., ஆண்டுக்கு ஒரு முறை விரல் பரிசோதனை, உரிய இடைவெளியில் எம்.ஆர்.ஐ.யும் மறு பயாப்சியும் என்று தேதி குறித்துச் செய்யும் வேலை அது. நோய் நடை மாறினால் அப்போது சிகிச்சை தொடங்கும். பிரிட்டனில் 50 முதல் 69 வயதுக்குட்பட்ட 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்து நடத்திய ஆய்வின் பதினைந்தாண்டு முடிவு 2023-இல் வெளியானது. மூன்று பிரிவிலும் ஏறத்தாழ 97 விழுக்காட்டினர் இந்நோயால் இறக்கவில்லை. ஆனால் நோய் பரவியவர்கள் கண்காணிப்புப் பிரிவில் 9.4 விழுக்காடு, மற்ற இரண்டிலும் ஏறத்தாழ 5 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே மனத்தில் வைக்க வேண்டும். மறு பரிசோதனைக்கு வர மாட்டார், வயல் வேலையோ வெளியூர்ப் பயணமோ விடாது என்றால், கண்காணிப்பு அவருக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகவே மருத்துவரிடம் சொல்லிவிடலாம்.

அறுவையில் புராஸ்டேட் முழுவதையும் விந்துப்பைகளோடு எடுத்துவிடுகிறார்கள். சிறுநீர் எளிதாகப் பிரியச் செய்யும் டி.யு.ஆர்.பி. அறுவையும் இதுவும் ஒன்றென்று நினைப்பவர்கள் பலர், டி.யு.ஆர்.பி.யில் உள்ளே சுரண்டி வழி ஏற்படுத்துவதோடு சரி, புற்று அங்கேயே இருக்கும். திறந்த அறுவை, லேப்ராஸ்கோப், ரோபோ என்று மூன்று முறைகள் உண்டு. ரோபோவில் இரத்த இழப்பு குறைவு, வீடு திரும்புவது விரைவு; ஆனால் சிறுநீர்க் கட்டுப்பாடும் ஆண்மையும் எந்த அளவுக்குத் திரும்பும் என்பது கருவியைவிட அதை இயக்கும் கையைப் பொறுத்தது. விளம்பரப் பலகையைப் பார்த்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அறுவைக்குப் பின் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை டியூப் இருக்கும். அதை எடுத்த பின் சில மாதங்களுக்கு இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசியலாம். இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அறுவைக்கு முன்பே கற்றுக்கொண்டவர்கள் விரைவில் தேறுகிறார்கள்.

கதிர்வீச்சு முன்பெல்லாம் ஏழெட்டு வாரம், நாற்பது முறை வரை நடக்கும். இப்போது ஒவ்வொரு முறைக்குமான அளவைச் சற்றுக் கூட்டி 20 முறையில், நான்கு வாரத்தில் முடிக்கும் முறை பரவலாகிவிட்டது. தகுந்தவர்களுக்கு ஐந்தே முறையில் முடிப்பதும் உண்டு. வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்க வேண்டியவர்களுக்கு இந்த வேறுபாடு மருத்துவச் செலவுக்கு இணையான விஷயம், 'எத்தனை முறை?' என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். நடுத்தர அபாயத்தில் பலருக்கு நான்கு முதல் ஆறு மாதம் வரையும், அதிக அபாயத்தில் பதினெட்டு மாதம் முதல் மூன்றாண்டு வரையும் ஹார்மோன் ஊசி கூடவே தேவைப்படும். கதிர்வீச்சு முடிந்ததும் ஊசியையும் நிறுத்திக்கொள்வோர் உண்டு. அதிக அபாயத்தில் அது பாதிச் சிகிச்சையே.

ஒவ்வொரு நாளும் கதிர்வீச்சுக்கு மலக்குடல் காலியாகவும் சிறுநீர்ப்பை நிறைந்தும் இருக்க வேண்டும். அப்போதுதான் குடல் கதிருக்கு விலகி நிற்கும். பெரியப்பா வீட்டிலிருந்து கொண்டுபோன எவர்சில்வர் பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். முதல் வாரத்தில் இரண்டு நாள், இயந்திரம் தாமதமானதில், அடக்க முடியாமல் எழுந்து போய்விட்டார். மறுபடி தண்ணீர், மறுபடி முக்கால் மணி நேரம். பிறகுதான், 'ஐயா, உங்களுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க, நான் சொன்ன அப்புறம் குடிங்க' என்று அங்கிருந்த டெக்னீஷியன் வழி சொன்னார். தொடங்கும் நாளிலேயே வரிசை நிலவரத்தைக் கேட்டுக்கொண்டால் இந்த அவதி இல்லை. வாயு உண்டாக்கும் பருப்பு, கிழங்கு வகைகளை அந்த வாரங்களில் குறைத்துக்கொள்வதும் நல்லது.

பரவியிருந்தால்

எலும்புக்குப் பரவிய நோயை முற்றிலும் நீக்க முடியாது என்றாலும், அதை ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்க முடிகிறது. இதன் அடித்தளம், இந்தப் புற்று வளரத் துணைபோகும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பது. இதை லியூப்ரோலைடு, டிரிப்டோரெலின் போன்ற ஊசிகளாலும் செய்யலாம். விரைகளை அகற்றும் சிறு அறுவையாலும் செய்யலாம். பலன் இரண்டிலும் ஒன்றே. அறுவை ஒரே முறைச் செலவு, ஹார்மோன் சில மணி நேரங்களிலேயே இறங்கிவிடும், ஊசித் தேதி தவறும் கவலை இல்லை. ஆனால் மனம் ஏற்க வேண்டும், திரும்பப் பெற முடியாது. வாழ்நாள் முழுவதும் ஊசி தேவைப்படும் ஏழைக் குடும்பத்துக்கு இந்த அறுவையைச் சொல்லத் தயங்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள், நீங்களே கேட்கலாம். மேற்சொன்ன ஊசிகள் முதல் ஒன்றிரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டிவிட்டுப் பிறகே குறைக்கும் என்பதால், அந்த நாட்களுக்கு அதன் வேலையைத் தடுக்கும் பைகலுட்டமைடு மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பார்கள். முதுகெலும்பில் நோய் உள்ளவர் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஊசி மட்டும் போதும் என்று நிறுத்திவிடுவது இன்று பெரும்பாலோருக்குப் போதாத சிகிச்சை. தொடக்கத்திலேயே அபிராட்டரோன், என்சலுட்டமைடு, அபலுட்டமைடு போன்ற மாத்திரைகளில் ஒன்றையோ, டோசிடாக்சல் கீமோவையோ சேர்த்தால் வாழ்நாள் நீள்கிறது என்பது 2015 முதல் வந்த பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. டோசிடாக்சல் மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு முறை தரப்படும். அதன் பலனைக் காட்டிய ஆய்வில், ஹார்மோன் சிகிச்சை தொடங்கிய நான்கு மாதத்துக்குள் இருந்தவர்களையே சேர்த்தார்கள். எனவே ஊசி போட்ட முதல் மாதத்துக்குள் புற்றுநோய் மருந்தியல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அபிராட்டரோனை இந்திய நிறுவனங்கள் பல தயாரிக்கின்றன. ஒரே மருந்துக்கு விலை வெகுவாக வேறுபடும் என்பதால், மருத்துவர் ஒப்புதலோடு விலை குறைந்ததைக் கேட்டு வாங்கலாம். வழக்கமான அளவில் அதை வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும்; கூடத் தரப்படும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது; கல்லீரல், பொட்டாசியம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை முதல் சில மாதங்கள் அடிக்கடி பார்க்க வேண்டும். எலும்பில் சில இடங்களில் மட்டும் பரவியவர்களுக்குப் புராஸ்டேட்டுக்கும் கதிர்வீச்சு கொடுப்பது பலன் தருகிறது. பரவிய நோய் உள்ளவர்கள், பரம்பரையாக வரக்கூடிய மாற்றத்தைக் காணும் பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனை பற்றியும் கேட்க வேண்டும்; அதில் மாற்றம் இருந்தால் ஓலாபரிப் போன்ற மருந்து பயன்படும், பிள்ளைகளும், பெண் மக்கள் உட்பட, சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

நாட்டு மருந்து எடுப்பவர்கள் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டால் எதனால் என்று தெரியாமல் நல்ல மருந்தும் நின்றுபோகும்.

எங்கே போவது, பணத்துக்கு என்ன வழி

தமிழ்நாட்டில் 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. சென்னை ஓமந்தூரார் தோட்டத்து அரசு பன்னோக்கு மருத்துவமனையில் 2022 முதல் ரோபோ அறுவை வசதியும் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தவர் பலர் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகிறார்கள். நான்கு வாரம் நாள்தோறும் போக வேண்டிய கதிர்வீச்சுக்கு, பெயர் பெற்ற தூரத்து மருத்துவமனையைவிட வீட்டுக்கு அருகில் நல்ல இயந்திரமும் நிலையான மருத்துவரும் உள்ள இடமே மேல். அறுவைக்கு மட்டும் தூரம் பார்க்க வேண்டாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ஐயங்களுக்கு 1800 425 3993 என்ற இலவச எண் இருக்கிறது. பெயர்ப் பிழையைப் பயாப்சி முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே சரிசெய்யுங்கள். எங்கள் வீட்டில் குடும்ப அட்டையில் 'சுப்பிரமணி', ஆதாரில் 'சுப்ரமணியன்'. இந்த இரண்டையும் ஒன்றாக்க இருபது நாளுக்கு மேல் ஆனது. எழுபது வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பில்லாத காப்பீட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. அதைப் பற்றியும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். சிகிச்சைக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்பதால், மருத்துவர் தேதி கொடுத்த அன்றே அந்தப் பிரிவில் தாள்களைக் கொடுத்து, விண்ணப்ப எண்ணை எழுதி வாங்கி, மூன்று நாளுக்கு ஒரு முறை விசாரியுங்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் முழுக் கட்டணச் சலுகையும், துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 விழுக்காடு சலுகையும் உண்டு. மருத்துவமனை உரிய படிவத்தில் சான்று தர வேண்டும்.

சிகிச்சை முடிந்த பின்

ஹார்மோன் ஊசியில் இருப்பவருக்கு உடல் சூடாகி வியர்ப்பது, களைப்பு, எடை கூடுவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது எல்லாம் வரும். நாள்தோறும் நடப்பதும், தசைக்கு வேலை கொடுப்பதும் மருந்துக்குச் சமம். எலும்பை வலுப்படுத்தும் சோலிட்ரோனிக் ஊசி போடும் முன் பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். ஊசிக்குப் பின் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு.

அறுவை செய்தவருக்குப் பி.எஸ்.ஏ. அளவிட முடியாத அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். பின்னர் 0.2-ஐத் தொட்டு, மறு பரிசோதனையிலும் அப்படியே இருந்தால் நோய் திரும்புகிறது என்று பொருள்; எண் சிறியதாக இருக்கும்போதே கதிர்வீச்சு கொடுத்தால் பலன் மிகுதி. '4-க்குக் கீழே நார்மல்' என்று பரிசோதனைக்கூடத் தாளில் அச்சிட்டிருப்பது புராஸ்டேட் இருப்பவருக்கு. அதைப் பார்த்துவிட்டு ஓராண்டு சும்மா இருந்தவர்கள் உண்டு. கதிர்வீச்சு பெற்றவருக்கு எண் மெதுவாக, ஓரிரண்டு ஆண்டுகளில்தான் அடிமட்டத்துக்கு வரும். இடையில் சிறிது ஏறி இறங்குவதும் இயல்பு. அந்த அடிமட்ட எண்ணுக்கு மேல் 2 கூடினால் நோய் திரும்பியதாகக் கொள்கிறார்கள். பெரியப்பாவின் கோப்பில் முதல் தாள் நிறைந்து இரண்டாவது தாள் தொடங்கிவிட்டது. அதன் மேல் ஓரத்தில் அவருடைய அடிமட்ட எண்ணான 0.04-ஐச் சிவப்பு மையில் எழுதி வட்டமிட்டு வைத்திருக்கிறோம்.